கேள்வி–பதில்: சொல்லாமல் லைனை அறுத்துவிட்டுப் போகிறவர்கள்

கேள்வி: பழைய பிபிஎஸ் (தொலைபேசி லைனில் மோடம் வழியாக அழைத்து உள்ளே போகும் மின்னணு அறிவிப்புப் பலகை, சுருக்கமாக ‘போர்டு’) மென்பொருள் தொகுப்பு ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். ‘கேரியரை அறுத்துவிட்டுப் போகும் பயனர்களைத் திருத்த’ என்ற விளக்கத்தோடு சின்னச் சின்ன புரோகிராம்கள் கண்ணில் பட்டன. ஒருவர் முறையாக வெளியேறாமல் இணைப்பைத் துண்டித்தால் என்ன குடி முழுகிப் போகும்? அதைத் தடுக்கத் தனி மென்பொருள் வேறு வேண்டுமா?

பதில்: இன்றைக்கு பிரவுசரை அப்படியே மூடிவிட்டுப் போகிறோம், எந்தத் தளமும் கோபித்துக்கொள்வதில்லை. அதனால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். பிபிஎஸ் காலத்து ஏற்பாடு வேறு மாதிரி. 1978 பிப்ரவரி 16 அன்று வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிகாகோவில் சிபிபிஎஸ் என்ற முதல் போர்டைத் திறந்தார்கள். அதிலிருந்து 90களின் நடுப்பகுதி வரை வந்த போர்டுகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் வீட்டில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே ஒரு தொலைபேசி லைன் என்று ஓடியவைதான். ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற அத்தனை பேருக்கும் பிஸி டோன். ஆள் போய்விட்டார் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்றால், யாருமே இல்லாத போர்டுக்கு வெளியே ஊரே காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மோடம்களும் லைனில் ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் ஒலிதான் கேரியர். அது கேட்கிற வரைக்கும் மோடம், 25 பின் சீரியல் கேபிளின் 8ஆம் பின்னில் ‘எதிர்முனையில் ஆள் உண்டு’ என்று சைகை காட்டிக்கொண்டிருக்கும். முறையாக வெளியேறுவது என்றால், பயனர் மெனுவில் ‘ஜி’ அழுத்துவார், போர்டு அவருடைய கணக்கை எழுதி முடித்துவிட்டு 20ஆம் பின்னின் சைகையை இறக்கும், அதன்படி மோடம் லைனை வைத்துவிடும். முறையில்லாமல் போவது என்றால், புரோகாம், டெலிக்ஸ் போன்ற டயல் செய்யும் மென்பொருளில் லைனை வைக்கும் ஆல்ட்-எச் விசையை அழுத்திவிடுவது, அல்லது மோடத்தின் சுவிட்சையே அணைத்துவிடுவது.

மோடம் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் பல மோடங்களில் 8ஆம் பின் சைகையை நிரந்தரமாக ஏற்றியே வைக்கும் ஓர் அமைப்பு உண்டு (ஏடி&சி0 என்ற கட்டளை), அதை மாற்றாமல் போர்டு நடத்தினால் ஆள் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. யாரும் விசையை அழுத்தவில்லையே என்று சில நிமிடம் பார்த்துவிட்டு அதுவாக வெளியேற்றும் வரை லைன் வீண். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் மோடம் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டால், புதிதாக வந்தவர் முன்னவருடைய பெயரிலேயே, அவருடைய தனிக் கடிதங்கள் திறந்த நிலையிலேயே உள்ளே வந்து நிற்பார். கடவுச்சொல் கேட்கும் கட்டமே வராது. இதை மரியாதைப் பிரச்சினை என்று மட்டும் பார்க்கக் கூடாது, பாதுகாப்புப் பிரச்சினை.

அப்புறம் ‘டோர்’ என்று சொல்லும் வெளி புரோகிராம்கள் இருந்தன, பெரும்பாலும் விளையாட்டுகள். போர்டு ‘டோர்.சிஸ்’ மாதிரி ஒரு சின்ன ஃபைலில் பயனரின் பெயர், மீதி நேரம் எல்லாம் எழுதி வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை அந்த புரோகிராமிடம் கொடுத்துவிடும். கேரியரைக் கவனிக்கத் தெரியாத டோர் என்றால், போய்விட்ட ஆளின் அடுத்த விசைக்காக விடிய விடிய காத்திருக்கும். இதற்காகவே, சீரியல் போர்ட்டைக் கையாளும் ஃபாசில் டிரைவர்களில் ‘வாட்ச்டாக்’ என்று ஒரு வசதி வைத்தார்கள். கேரியர் போன உடனே கம்ப்யூட்டரையே ரீபூட் செய்துவிடும். லைன் விடுபடும், ஆனால் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றுவிடும். செய்திகளின் இண்டெக்ஸ் கெட்டால் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியவர் சிஸ்ஆப்தான், அதாவது போர்டை நடத்துபவர்.

கேள்வி: அந்த மாதிரி புரோகிராம்கள் உண்மையில் என்ன செய்தன? போய்விட்ட ஆளை எப்படித் தண்டிப்பது?

பதில்: போன ஆளிடம் பேச முடியாது, திரும்பி வரும்போதுதான் பேச முடியும். இந்த வகை மென்பொருள் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் போர்டு தன் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதும். முறையாக வெளியேறினாரா, கேரியர் போனதா என்பது அதில் இருக்கும். நம் புரோகிராம் அழைப்பு முடிந்தவுடன் பேட்ச் ஃபைல் வழியாகவோ, இரவு பராமரிப்பு நேரத்திலோ ஓடி, அந்த வரியைப் படித்து, பெயரைப் பிடித்து, தன்னுடைய தனி ஃபைலில் எண்ணிக்கையை ஒன்று கூட்டி வைக்கும். அந்த ஆள் அடுத்த முறை உள்ளே வந்ததும் முதல் திரையிலேயே ‘போன தடவை முறையாக வெளியேறவில்லை, ஜி அழுத்தி வெளியேறவும்’ என்று காட்டும். மறுபடியும் செய்தால் சிஸ்ஆப் பெயரில் ஒரு தனிக் கடிதம், அதற்கும் மேலே போனால் அன்றைய நேரத்தில் வெட்டு, அல்லது பாதுகாப்பு நிலையைக் குறைத்து டவுன்லோடு பகுதியை மூடுவது, கடைசியாகக் கணக்கையே பூட்டுவது. எத்தனையாவது தடவைக்கு எது என்பதை சிஸ்ஆப் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும்படி செய்வதுதான் நல்ல வழி.

எண்ணுவது சுலபம். சிக்கல் தண்டனையை நிறைவேற்றுவதில்தான். நேரத்தையோ நிலையையோ மாற்ற வேண்டுமென்றால் பயனர் ஃபைலுக்குள் நேரடியாகக் கை வைக்க வேண்டும், அந்த ஃபைலின் அமைப்பு போர்டு மென்பொருளுக்கு மென்பொருள் வேறு, பிசிபோர்டில் ஒரு மாதிரி, ரிமோட்ஆக்சஸில் ஒரு மாதிரி, வைல்ட்கேட்டில் இன்னொரு மாதிரி. பதிப்பு மாறினாலும் அமைப்பு மாறலாம். பழைய பதிப்புக்கு எழுதியதைப் புதியதில் ஓட்டினால் ஒருவரைத் தண்டிக்கப் போய் எல்லோருடைய கணக்கும் பாழாகும். அதனால்தான் இவை எந்த மென்பொருளுக்கு, எந்தப் பதிப்புக்கு என்று விளக்கத்திலேயே கறாராகச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அந்தத் தொகுப்பிலிருந்து எதையாவது எடுத்து ஓட்டிப் பார்ப்பதானால் முதலில் பயனர் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

என் கருத்தில் இவற்றில் இருக்க வேண்டிய மிக முக்கியமான வசதி மன்னிப்பு. ஒருவர் தொடர்ந்து சில முறை ஒழுங்காக வெளியேறினால் எண்ணிக்கை தானாகக் குறைய வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் விழுந்த குறியை வைத்துக்கொண்டு இன்று ஒருவரைப் பூட்டுவது அநியாயம்.

கேள்வி: லைன் கோளாறால் தானாகவே அறுந்துபோனால்? அப்பாவியும் மாட்டிக்கொள்வாரே?

பதில்: மாட்டிக்கொள்வார், மாட்டிக்கொண்டார்கள். லாக்கை மட்டும் பார்த்துக் குறி போட்ட புரோகிராம்கள் மீது எனக்குள்ள பெரிய வருத்தமே இதுதான். அதே வீட்டில் யாராவது இன்னொரு போனை எடுத்தால் கேரியர் போகும். லைனில் இரைச்சல் வந்தால் போகும். அமெரிக்காவில் கால் வெயிட்டிங் வைத்திருந்த வீடுகளில் இன்னொரு அழைப்பு வரும்போது ஒலிக்கும் அந்தச் சின்ன ‘பீப்’பே போதும், மோடம் கேரியர் தொலைந்தது என்று முடிவுகட்டி லைனை வைத்துவிடும். அதனால் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் 70ம் சேர்த்து டயல் செய்து, அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் கால் வெயிட்டிங்கை நிறுத்திவைக்கும் பழக்கம் பலருக்கு இருந்தது. இதைத் தன் போர்டில் வரவேற்புத் திரையில் எழுதிவைத்த சிஸ்ஆப், எத்தனை தண்டனை புரோகிராம் வைத்திருந்தவரையும்விடப் பயனுள்ள வேலை செய்தார்.

மோடத்துக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. ஹேய்ஸ் வகை மோடங்களில் எஸ்10 என்று ஒரு ரெஜிஸ்டர், கேரியர் போனபின் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு லைனை வைப்பது என்பதை நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. வழக்கமாக அதில் இருப்பது 14, அதாவது 1.4 நொடி. கால் வெயிட்டிங் பீப்பைத் தாங்க அது போதாது. 50 என்று வைத்தால் 5 நொடி பொறுக்கும், பாதிப் புகார்கள் அதோடு நிற்க வாய்ப்பு உண்டு. ரொம்பவும் ஏற்றினால் உண்மையிலேயே போனவரைக் கண்டுபிடிக்க அத்தனை நேரம் ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேண்டுமென்றே செய்தாரா என்பதைப் பிரிக்க இரண்டு வழி இருந்தது. எம்என்பி, 1988இல் வந்த வி.42 ஆகிய பிழைதிருத்த முறைகளில் இணைந்த மோடங்கள், ஒழுங்காக லைனை வைக்கும்போது எதிர்முனைக்கு ‘துண்டிக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டே வைக்கும். அதாவது பயனர் ஆல்ட்-எச் அழுத்தினால் போர்டு மெனு வழியாக வெளியேறாவிட்டாலும் மோடங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு பிரிகின்றன. இரைச்சலில் அறுந்தால் அந்தச் செய்தி வராது. யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடங்களில் அழைப்பு முடிந்ததும் ஏடிஐ6 என்று கேட்டால் துண்டிப்பின் காரணத்தையே சொல்லும். இதைப் படித்துவிட்டுக் குறி போடும் புரோகிராம், லாக்கை மட்டும் பார்த்துக் குறி போடுவதைவிட எவ்வளவோ நேர்மையானது.

இரண்டாவது வழிக்கு மோடம் உதவியே வேண்டாம். அறுந்த இடத்தைப் பாருங்கள். இரைச்சல் எங்கே வேண்டுமானாலும் வரும், கடிதம் எழுதும்போது, மெனுவில் நிற்கும்போது, ஃபைல் பாதி இறங்கும்போது. வேண்டுமென்று போகிறவரோ எப்போதும் ஒரே இடத்தில்தான் போவார், டவுன்லோடு முடிந்த கணத்தில், விடைபெறும் திரையில், விளையாட்டில் தோற்கப்போகும் கட்டத்தில். கடைசியாக எந்தக் கட்டளையில் இருந்தார் என்பதையும் எண்ணிக்கையோடு சேர்த்து வைத்தால் பத்து அழைப்புக்குள் யார் எப்படி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு விசையை அழுத்துவதற்கு என்ன சோம்பேறித்தனம்? ஏன் அப்படிச் செய்தார்கள்?

பதில்: எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. வெளியூர் எண்ணுக்கு அழைத்தவருக்கு நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். அவர் ‘ஜி’ அழுத்தினால் ‘நிச்சயமாகப் போகிறீர்களா?’, ‘சிஸ்ஆப்புக்குக் கருத்து எழுதுகிறீர்களா?’, அப்புறம் நொடிக்கு 2400 பிட் வேகத்தில் மெதுவாக ஊர்ந்து வரும் வண்ண வண்ண விடைபெறும் படம். இந்த இடத்தில் ஒருவர் லைனை வைத்தால் குற்றம் போர்டு நடத்துபவருடையதும்தான். டபிள்யூடபிள்யூஐவி என்ற போர்டு மென்பொருளில் ‘/ஓ’ என்று அடித்தால் எந்தக் கேள்வியும் கேட்காமல் வெளியேற்றிவிடும், அதுதான் சரியான வைத்தியம்.

கெட்ட எண்ணத்தோடு செய்தவர்களும் இருந்தார்கள். சில போர்டுகளில் ஃபைல் முழுதாக இறங்கி, எதிர்முனை ‘வந்து சேர்ந்தது’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவருக்குரிய டவுன்லோடு அளவைக் கணக்கில் கழிப்பார்கள். கடைசித் துண்டு வந்ததும் ஒப்புக்கொள்ளாமல் லைனை அறுத்தால் ஃபைல் கைக்கு வந்துவிடும், கணக்கில் டவுன்லோடு தோல்வி என்று பதிவாகும். சேர்த்து வைத்த ஃபைல்களை எல்லோருக்கும் திறந்துவிட்டு, பதிலுக்கு நீங்களும் ஏதாவது கொடுங்கள் என்று மட்டும் கேட்ட ஒருவரை இப்படி ஏமாற்றுவது எனக்குப் பொறுக்காது.

கேள்வி: பொழுதுபோக்காக, தொலைபேசி லைன் இல்லாமல் இணையம் வழியாக டெல்நெட்டில் ஒரு போர்டு நடத்துகிறேன். இப்போதும் பலர் ஜன்னலை மூடிவிட்டுத்தான் போகிறார்கள், சில நேரம் மணிக்கணக்கில் ‘ஆன்லைன்’ என்றே காட்டுகிறது. அந்தப் பழைய புரோகிராம் மாதிரி ஒன்றை எழுதி வைக்கலாமா?

பதில்: தண்டனை வேண்டாம். ஜன்னலை மூடினால் டிசிபி இணைப்பு முறைப்படி மூடப்பட்டு உங்கள் சர்வருக்கு உடனே தகவல் வந்துவிடும், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மணிக்கணக்கில் நிற்பவர்கள் மடிக்கணினியை மூடியவர்கள் அல்லது சிக்னல் இழந்தவர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து எந்தச் செய்தியும் வராது. எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் வசதி லினக்ஸில் இயல்பாக 7200 நொடிக்குப் பிறகுதான் சோதிக்கத் தொடங்கும், அதன்பின் 75 நொடி இடைவெளியில் 9 தடவை தட்டிப் பார்க்கும், ஆக 2 மணி 11 நிமிடம் ஆள் இல்லாத இணைப்பு உயிரோடு நிற்கும், அதுவும் உங்கள் புரோகிராம் அந்த வசதியைக் கேட்டு வாங்கியிருந்தால்தான். 7200ஐ 60க்கும் 75ஐ 10க்கும் குறைத்துவிடுங்கள். அதில் கை வைக்க முடியாவிட்டால், டெல்நெட் நெறியிலேயே ஒன்றும் செய்யாத ஒரு கட்டளை உண்டு, 255, 241 என்ற இரண்டு பைட். நிமிடத்துக்கு ஒரு முறை அதை அனுப்புங்கள், எதிர்முனை இல்லையென்றால் அனுப்பும் முயற்சியே கொஞ்ச நேரத்தில் பிழை காட்டிவிடும்.

அதே ஆள் திரும்பி வரும்போது ‘ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’ என்று விரட்டாமல், பழைய இணைப்பை அவரே மூட ஒரு வழி கொடுங்கள். பழைய டாஸ் விளையாட்டுகள் வைத்திருந்தால் ஒன்றைத் திறந்து, நடுவில் ஜன்னலை மூடிப் பாருங்கள். அவருக்கு ஒதுக்கிய நோட் (போர்டில் ஒருவருக்கான இடம்) விடுபடுகிறதா? இல்லையென்றால் மோடம் போல நடிக்கும் மென்பொருளான மெய்நிகர் மோடம் கேரியர் சைகையை இறக்கவில்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: நான் எழுதும் டோர் விளையாட்டில் ஒருவர் தோற்கப்போகிறார் என்று தெரிந்ததும் இணைப்பை அறுத்துவிடுகிறார், திரும்பி வந்து சண்டைக்கு முந்தைய நிலையிலிருந்து ஆடுகிறார். அவரைத் தடை செய்யலாமா?

பதில்: அவரைத் தொட வேண்டாம், புரோகிராமைத் தொடுங்கள். ஒவ்வொரு அடியின் முடிவையும் முதலில் டிஸ்க்கில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு திரையில் காட்டுங்கள். சண்டை தொடங்கியதும் ‘நடுவில் நிற்கிறது’ என்று ஒரு குறி போட்டு வைத்தால், திரும்பி வருபவர் அதே சண்டையில், அதே உயிர்ப்புள்ளியோடுதான் இறங்குவார். உண்மையிலேயே லைன் அறுந்தவருக்கும் அது நியாயம்தான், விட்ட இடத்திலிருந்து ஆடலாம். டவுன்லோடு கணக்குக்கும் இதே முறை பொருந்தும். தொடங்கும்போதே கழித்துவிடுங்கள், பாதிக்கும் குறைவாக இறங்கி நின்றிருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.