சர்க்கரை பானங்களுக்கு வரி: எப்படிப் போட்டால் பலன் கிடைக்கும்?

செல்வி: இனிப்புப் பண்டங்கள் எத்தனையோ இருக்க, பானத்துக்கு மட்டும் ஏன் தனி வரி மேடம்?

330 மில்லி கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏறக்குறைய 9 டீஸ்பூன். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 50 கிராம். முடிந்தால் 25-க்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரே கேன் அந்த 25-ஐத் தாண்டிவிடுகிறது. குடித்த சர்க்கரையால் வயிறு நிறைந்த உணர்வும் வருவதில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு அப்படியே உள்ளே போகிறது, பானத்தின் கலோரி அதற்கு மேல் சேர்கிறது. வேறு சத்தும் இல்லாத பொருள் இது.

முருகன்: விலை ஏறினால் மட்டும் ஜனங்கள் குடிப்பதை விட்டுவிடுவார்களா?

அடியோடு விடமாட்டார்கள், குறைப்பார்கள். மெக்சிகோ 2014 ஜனவரியில் லிட்டருக்கு 1 பேசோ போட்டது. விலையில் அது 10 சதவீதம் அளவுக்கு வரும். வரி இல்லாதிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று கணக்கிட்டு ஒப்பிட்டதில், முதல் ஆண்டில் 6 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 10 சதவீதத்தை ஒட்டியும் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது சில்லறை விலை 20 சதவீதமாவது ஏறும்படியான வரி. அதற்குக் கீழே போனால் கஜானா நிரம்பும், பழக்கம் பெரிதாக மாறாது.

ரஹீம்: விலையில் இத்தனை சதவீதம், லிட்டருக்கு இவ்வளவு, சர்க்கரை அளவுக்கு ஏற்ப என்று மூன்று வழி சொல்கிறார்கள். எது சரி?

இதில்தான் எல்லாமே இருக்கிறது. சதவீத வரி மலிவான பானத்துக்குச் சாதகம். பெரிய பாட்டிலில் லிட்டர் விலை குறைவு, ஆகவே வரியும் குறைவு. உள்ளே இருக்கும் சர்க்கரையோ அதிகம். தள்ளுபடி கொடுத்தால் வரியும் சேர்ந்து இறங்கும். லிட்டர் வரியில் அந்தக் குறை இல்லை, வசூலிப்பதும் சுலபம். ஆனால் 100 மில்லியில் 6 கிராம் சர்க்கரை போட்டவருக்கும் 11 கிராம் போட்டவருக்கும் ஒரே வரி என்றால், தயாரிப்பாளர் எதற்காகச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்?

மூன்றாவது வழி தயாரிப்பாளரின் ஃபார்முலாவையே மாற்ற வைக்கிறது. பிரிட்டன் 2016 மார்ச்சில் அறிவித்து 2018 ஏப்ரலில் அமல்படுத்தியது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் குறைவென்றால் வரி இல்லை. 5 முதல் 8-க்குள் அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ். 8-ம் அதற்கு மேலும் 24 பென்ஸ். இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் பலரும் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். 2015-க்கும் 2019-க்கும் நடுவில் வரி வரம்புக்குள் வரும் பானங்கள் வழியாக விற்ற சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. விற்ற லிட்டர் கணக்கு இறங்கவில்லை, ஏறியது! வியாபாரம் படுத்துவிடும் என்று பயமுறுத்துபவர்களுக்கு இதுவே பதில்.

தென்னாப்பிரிக்கா அதே 2018 ஏப்ரலில் இன்னும் நுணுக்கமாகப் போட்டது: 100 மில்லியில் முதல் 4 கிராமுக்கு விலக்கு, அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட். 100 மில்லிக்கு 10.6 கிராம் உள்ள 330 மில்லி கேனுக்கு, விலக்கு போக 6.6 × 3.3 = சுமார் 21.8 கிராம், வரி 46 சென்ட் அளவில். இதை 9.6 கிராமாக்கினால் தென்னாப்பிரிக்காவில் அந்த வரி 7 சென்ட் குறையும். பிரிட்டனில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது, ஏனென்றால் இன்னும் அதே படியில்தான் நிற்கிறது. பிரிட்டன் போட்ட அடுக்கு முறையில் இன்னொரு சங்கடம்: பானங்கள் 5 கிராமுக்கு மயிரிழை கீழே வந்து நின்றுவிடும், அதற்கப்புறம் நகராது. சோதனைக்கூட வசதியும் ஒழுங்கான லேபிள் சட்டமும் உள்ள நாட்டுக்குக் கிராம் வரியே மேல். இல்லாத நாடு அடுக்கில் தொடங்கி, அடி வரம்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறக்கலாம்.

பொடியையும் சிரப்பையும் மறந்துவிடாதீர்கள். லேபிளில் சொன்னபடி கரைத்தால் எத்தனை லிட்டர் வருமோ அதற்கு வரி போட வேண்டும். பாக்கெட்டை எடை போட்டால் ஏமாந்துபோவோம்.

ஜான்சி: பழச்சாறும் டயட் பானமும் இதில் வருமா?

சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சு சாற்றிலும் 100 மில்லிக்கு 8, 9 கிராம் சர்க்கரை உண்டு. பிரிட்டன் அதை விட்டுவிட்டது. என்னைக் கேட்டால் சேர்க்க வேண்டும். டயட் பானத்துக்கும் சர்க்கரை பானத்துக்கும் சமமாக வரி போட்டால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாற யாருக்கும் காரணம் இருக்காது. 2017-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் அப்படித்தான் போட்டது. அதற்காக டயட் பானத்தை ஆரோக்கிய பானம் என்று பரப்பவும் கூடாது. எடை குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

மீனா: கடைசியில் ஏழைகள் தலையில்தானே விழுகிறது?

வருமானத்தில் பங்காகப் பார்த்தால் உண்மைதான். மெக்சிகோவில் அதிகம் குறைத்துக்கொண்டதும் வசதி குறைந்த குடும்பங்களே, எனவே பலனும் அவர்களுக்கு அதிகம். ஆனால் பக்கத்தில் நல்ல குடிநீர் இல்லாத இடத்தில் இந்த வரி அநியாயம். வசூலில் ஒரு பகுதியைப் பள்ளிக் குடிநீருக்கென்று சட்டத்திலேயே எழுதி ஒதுக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

கார்த்திக்: எங்கேயாவது தோற்றிருக்கிறதா?

டென்மார்க் 2014-ல் தன் வரியை எடுத்துவிட்டது. ஜனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் போய் வாங்கிவந்தார்கள். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் 2017 ஆகஸ்டில் வந்த வரி டிசம்பரில் போய்விட்டது. பிலடெல்பியா கடைகளில் விற்பனை பாதியாகியும், பக்கத்து ஊர்களில் வாங்கியதைக் கழித்தால் நிகரக் குறைவு 38 சதவீதம். ஆகவே ஊர் அளவில் போடுவதைவிட நாடு முழுதும் போடுவது நல்லது. பணவீக்கமும் வரியைத் தின்னும். பிரிட்டன் 2018-ல் வைத்த தொகையை 2025 வரை தொடவே இல்லை.

செல்வி: நோய் குறைந்ததற்கு ஆதாரம் உண்டா?

பிரிட்டனில் 10, 11 வயதுச் சிறுமிகளிடம் உடல் பருமன், எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைவாக இருந்தது. சிறுவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. சொத்தைப் பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகள் 12 சதவீதம் குறைவு. நீரிழிவு, இதய நோய் போன்றவை பல ஆண்டுகள் கழித்தே புள்ளிவிவரத்தில் தெரியும். அதனால் வரி போடும் அரசு முதல் ஆண்டில் எடையைத் தேடாமல், விற்பனையாகும் சர்க்கரையை டன் கணக்கில் அளக்க வேண்டும்; அந்த அளவீட்டை வரி வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.