இரண்டு சென் நாணயம் மலிவானதா?

கேள்வி: பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். வயது 31. மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு. சேமிப்பில் 6,000 வெள்ளி இருக்கிறது. மாதந்தோறும் 300 வெள்ளி ஒதுக்க முடியும். கிரிப்டோ நாணயங்களில் முதலீடு செய்ய ஆசை. பிட்காயின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், இரண்டு சென்னுக்குக் கிடைக்கும் புதிய நாணயம் ஒன்றை வாங்கும்படி என் மச்சான் சொல்கிறார். அது ஒரு வெள்ளியைத் தொட்டால் ஐம்பது மடங்கு கிடைக்கும் என்கிறார். அவருடைய புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பத்து நாணயங்களின் பட்டியலும் வந்திருக்கிறது. இவற்றில் எது தகுதியானது என்று புதியவர்கள் எப்படி முடிவு செய்வது? அவசரத்தில் மச்சானிடம் 500 வெள்ளி கொடுத்துவிட்டேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மச்சானின் கணக்கில் பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு சென் ஒரு வெள்ளியானால் ஐம்பது மடங்குதான். ஆனால் அந்த நாணயம் மொத்தம் எத்தனை இருக்கிறது என்ற எண்ணை அவர் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அந்த எண் தெரியாதவரை, இரண்டு சென் என்பது மலிவா, கொள்ளை விலையா என்று எவராலும் சொல்ல முடியாது.

ஒரு பேச்சுக்கு, அது 10,000 கோடி நாணயங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சென் விலையில் அவற்றின் மொத்த மதிப்பு 200 கோடி வெள்ளி. ஒரு வெள்ளியைத் தொட வேண்டுமானால் அம்மதிப்பு 10,000 கோடி வெள்ளியாக வேண்டும். அதாவது, பல்லாண்டுகளாக நாடெங்கும் கிளைகள் வைத்துத் தொழில் நடத்தும் நம் பெரிய வங்கிகளின் பங்குச் சந்தை மதிப்போடு ஒப்பிடத்தக்க தொகைக்கு, நேற்று முளைத்த ஒரு நாணயம் வளர வேண்டும். இது கற்பனைக் கணக்கு என்று தோன்றினால் உண்மையான ஒன்றைப் பாருங்கள். ஷிபா இனு என்ற நாணயம் ஏறக்குறைய 589 லட்சம் கோடி எண்ணிக்கையில் புழக்கத்தில் இருக்கிறது. அது ஒவ்வொன்றும் நம் பணத்தில் வெறும் ஒரு சென் ஆக வேண்டுமென்றாலே, மலேசியாவின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குப் பணம் அதன் மதிப்பாக நிற்க வேண்டும். ஒரு நாணயத்தின் விலையைத் தனியாகப் பார்ப்பது, கேக்கை எத்தனை துண்டுகளாக வெட்டினார்கள் என்று கேட்காமல் ஒரு துண்டின் விலையை மட்டும் விசாரிப்பது போன்றது. பிட்காயினை முழுதாக வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பிட்காயின் பத்துக் கோடி சத்தோஷிகளாகப் பிரிகிறது, ஐம்பது வெள்ளிக்கும் வாங்கலாம். ஆகவே "எட்டாத உயரம்" என்பது உங்கள் வழியில் தடையே அன்று.

எண்ணிக்கையைக் கேட்டதும் அடுத்து எழ வேண்டிய கேள்வி, அதை இன்னும் பெருக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, இப்போது இருப்பதில் பெரும்பங்கு யார் கையில் இருக்கிறது என்பதாகும். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினின் உச்ச வரம்பு 2 கோடியே 10 லட்சம். புதிதாக வெளிவரும் அளவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது, கடைசியாக 2024 ஏப்ரலில் அவ்வாறு குறைந்தது. 2015இல் தொடங்கிய இத்தீரியம் என்ற நாணயத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. ஆனால் 2021 ஆகஸ்டு முதல், பயனர்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி அழிக்கப்படுவதால் அதன் வளர்ச்சி கட்டுப்படுகிறது. விளையாட்டாகத் தொடங்கப்பட்ட டோஜ்காயினிலோ ஒவ்வோர் ஆண்டும் 500 கோடி புதிய நாணயங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. எக்ஸ்ஆர்பி நாணயத்தில் 10,000 கோடியும் தொடக்கத்திலேயே உருவாக்கப்பட்டு, அதில் 8,000 கோடி ஒரே நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. இவை எல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த செய்திகள் என்பதால் இவற்றை எடைபோடலாம். உங்கள் மச்சானின் நாணயத்தைப் பற்றி இதே அளவுக்குத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால், ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிட்டது என்று பொருள்.

என் தாத்தா ஜார்ஜ் டவுனில், பினாங்குத் தெருவில் இருந்த ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நிலப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் கேட்டு வருபவரிடம், நிலம் என்ன விலை போகும் என்பதற்கு முன்பாக, அதில் இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் முதலாளி விசாரிப்பார் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாணயத்தை உருவாக்கியவர்களே பாதியைக் கையில் வைத்திருந்தால், விலை ஏறும் நாளில் முதலில் விற்கப்போவது அவர்கள்தாம். அவர்களிடமிருந்து வாங்கப்போவது நீங்கள்தாம்.

இனி அந்தப் பத்து நாணயப் பட்டியல். பட்டியல்களை நம்பி வாங்குவதைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. 2022இன் தொடக்கத்தில் உலகின் முதல் பத்து கிரிப்டோ நாணயங்களுள் லூனாவும் இருந்தது. அதனோடு பிணைக்கப்பட்டிருந்த டெரா யூஎஸ்டி என்ற இன்னொரு நாணயம் எப்போதும் ஒரு டாலராகவே நிற்கும் என்று உறுதி கூறப்பட்டது. அதைப் போட்டு வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு நெருக்கமான வட்டியும் கிடைத்தது. அந்த வட்டிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்த ஆண்டு மே மாதத்தில் பிணைப்பு அறுந்தபோது, ஏறத்தாழ 80 டாலராக இருந்த லூனா சில நாள்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. ஆகையால் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதை விட, இந்த நாணயம் இல்லாமல் போனால் யாருக்கு என்ன வேலை நின்றுபோகும் என்று கேட்டுப் பாருங்கள். இத்தீரியம் நின்றால், அதன் மேல் இயங்கும் பல ஆயிரம் செயலிகளும், அதன் வழியே கைமாறும், டாலர் மதிப்போடு பிணைத்த நாணயங்களும் நின்றுபோகும். பிட்காயினின் பயன் அதைவிடக் குறுகியது: எவரும் கூட்ட முடியாத எண்ணிக்கையில், எவருடைய அனுமதியும் இன்றி அனுப்பத்தக்க ஒரு மதிப்புச் சேமிப்பு, அதில் நம்பிக்கை உள்ளவர்கள் இருக்கும்வரைதான் அந்த மதிப்பு. உங்கள் பட்டியலில் உள்ள ஒன்றுக்கு நீங்களாக, யூடியூப் துணையின்றி, இரண்டு வாக்கியத்தில் இப்படி விடை எழுத முடியாவிட்டால் அதை அடித்துவிடுங்கள். பத்தில் எட்டு இந்த இடத்திலேயே போய்விடும் என்பது என் ஊகம்.

விற்க முடியுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். 2021இல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்த நாணயம் சில நாள்களிலேயே 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களுக்குத் திரையில் பெரும் இலாபம் தெரிந்தது; ஆனால் அவர்களால் விற்கவே முடியவில்லை. நவம்பர் முதல் நாள் அதை உருவாக்கியவர்கள் பணத்தோடு மறைந்தார்கள், விலை சில நிமிடங்களில் சுழியமானது.

நம் நாட்டில் இதற்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2019 ஜனவரி 15 முதல் மின்னிலக்க நாணயங்கள் பங்குப் பத்திரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், செக்யூரிட்டிஸ் கமிஷன் என்று நாம் சொல்லும் ஆணையத்திடம் பதிவு பெற்ற, நாணயங்களை வாங்கி விற்கும் பரிமாற்றத் தளங்கள் மட்டுமே இங்கே தொழில் நடத்தலாம். அவற்றின் பெயர்களும், எச்சரிக்கைப் பட்டியலில் உள்ளவர்களின் பெயர்களும் ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே இருக்கின்றன. உலகிலேயே பெரிய தளமான பைனான்ஸைக்கூட, பதிவு இல்லாத காரணத்தால் 2021 ஜூலையில் இங்கே சேவையை நிறுத்தும்படி ஆணையம் உத்தரவிட்டது. பதிவு பெற்ற தளங்களில் கிடைக்கும் நாணயங்களின் எண்ணிக்கை குறைவு என்று உங்கள் மச்சான் குறைப்படலாம். புதியவருக்கு அந்தக் குறைவே நன்மை. அதே வேளையில், அங்கே ஒரு நாணயம் இருப்பது அதன் விலை இறங்காது என்பதற்குச் சான்று அன்று. கிரிப்டோ நாணயம் நம் நாட்டில் சட்டப்படி செல்லுபடியாகும் பணமும் அன்று.

உங்கள் நிலையில் நான் இருந்தால் 6,000 வெள்ளியைத் தொட மாட்டேன். குழந்தை உள்ள வீட்டில் அது முதலீட்டுப் பணம் அல்ல, இரண்டு மூன்று மாதச் செலவுப் பணம். மாத 300 வெள்ளியிலும் பெரும்பகுதியை ஊழியர் சேமநிதியில் விருப்பச் சந்தாவாகக் கட்டுவேன். அதன் வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்று சட்டமே உறுதி தருகிறது, 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு அறிவிக்கப்பட்டது. மீதி ஐம்பது வெள்ளிக்கு, முதல் ஓராண்டு பிட்காயின் மட்டும், மனம் மிகவும் கேட்டால் இத்தீரியமும் சேர்த்து, விலையைப் பார்க்காமல் சம்பள நாளில் வாங்குவேன். அதுவும் இறங்கும். 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. உங்கள் 600 வெள்ளி 140 ஆனாலும் வீட்டில் சண்டை வராது என்றால் மட்டுமே இறங்குங்கள். வரும் என்றால் ஒன்றும் வாங்காமல் இருப்பதும் சரியான முடிவுதான்.

முதல்முறை வாங்கியதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாங்கியதில் பாதியை விற்று, அந்தப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்குக் கொண்டு வாருங்கள். கட்டணம் எவ்வளவு பிடிக்கிறார்கள், எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் சிறு தொகையிலேயே தெரிந்துவிடும். நாணயங்களை நீங்களே வைத்துக்கொள்ளும் சொந்தப் பணப்பைச் செயலி வைத்துக்கொண்டால், அது சாவியாகத் தரும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்; அதைக் கேட்பவர் எவராக இருந்தாலும், தளத்தின் ஊழியர் என்றே சொன்னாலும், திருடர்தான்.

மச்சானிடம் கொடுத்த 500 வெள்ளிக்கு வருகிறேன். உறவு கெடாமல் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: அந்தப் பணம் எந்தத் தளத்தில், யார் பெயரில் இருக்கிறது, உங்களைச் சேர்த்ததற்கு அவருக்கு ஏதாவது தரகு கிடைத்ததா. அவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம் என்பதால் குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். கூட்டுப் பணம் (சீட்டு) பிடித்து முகம் முறிந்த உறவுகளை நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) நிறையப் பார்த்தாயிற்று, அதற்கென்றே 1971இல் ஒரு தடைச் சட்டமும் வந்தது. பிறகு, பணத்தைத் திரும்ப எடுக்க விண்ணப்பியுங்கள். "வரி கட்டினால்தான் விடுவிப்போம்", "கணக்கைச் சரிபார்க்க இன்னும் 300 வெள்ளி போடுங்கள்" என்று பதில் வந்தால் ஒரு சென்னும் அனுப்பாதீர்கள். உரையாடல்களையும் பணம் அனுப்பிய இரசீதையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணையோ அழைத்துவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மச்சானையும் உடன் அழைத்துப் போவது நல்லது; அவர் போட்ட பணம் உங்களுடையதை விடக் கூடுதலாக இருக்கக்கூடும்.