கேளுங்க சொல்றோம்: சர்வர் நிக்கப் போகுதுன்னு எல்லார் ஸ்கிரீன்லயும் எப்படிக் காட்டறது?

கேள்வி: வணக்கம் சார். எங்க காலேஜ் லேப்ல ஒரே ஒரு பெரிய சர்வர்தான், டெபியன் லினக்ஸ் போட்டு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வெச்சிருக்கோம், பசங்க எல்லாரும் பழைய பிசிங்கள்ல இருந்து எக்ஸ்ஆர்டிபிங்கிற ரிமோட் டெஸ்க்டாப் வழியா அந்த சர்வருக்குள்ளதான் வந்து வேலை செய்றாங்க. ஒரு நேரத்துல 40 பேர் வரைக்கும் இருப்பாங்க. கரன்ட் போனா யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதுக்குள்ள சேவ் பண்ணிட்டு வெளிய வாங்கன்னு எல்லார் ஸ்கிரீன்லயும் ஒரே நேரத்துல காட்டணும். எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பற வால் கமாண்ட் போட்டேன், யாருக்குமே தெரியல. ரூட்டா, அதாவது அட்மினா இருந்து, ஸ்கிரீன்ல பெட்டி காட்டற நோட்டிஃபை-சென்ட் கமாண்ட் போட்டா எரர்தான் வருது. ரெண்டு ரூமுக்கும் ஓடி ஓடி சொல்ல வேண்டியிருக்கு. வழி இருக்கா?
— லேப் பொறுப்பாளர், நாமக்கல்

பதில்: இருக்கு. வால் பழைய யூனிக்ஸ் காலத்து ஆள். யார் யார் எந்த டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற விண்டோ) லாகின் ஆகியிருக்காங்கன்னு சிஸ்டம்ல ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பாத்து அந்தந்த டெர்மினல்ல எழுதும், அதோட அதுக்கு வேலை முடிஞ்சது. எஸ்எஸ்ஹெச்ல, அதாவது வேற பிசில இருந்து டெர்மினல் வழியா, வந்திருக்கிறவங்களுக்கு உடனே தெரியும். ஆனா ரைட்டரைத் திறந்து வெச்சு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சிட்டிருக்கிற பொண்ணுக்கு டெர்மினலே கிடையாது, அவங்களுக்கு எங்க போய்த் தெரியும்?

நோட்டிஃபை-சென்ட் விஷயம் வேற. அது நேரா ஸ்கிரீன்ல எழுதாது. ஒவ்வொரு யூசரும் டெஸ்க்டாப்புக்குள்ள வரும்போது அவங்களுக்குன்னு தனியா ஒரு டி-பஸ் (ப்ரோக்ராம்கள் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பிக்கிற வழி) தொடங்கும், நோட்டிஃபை-சென்ட் அந்த பஸ்ல மெசேஜைப் போடும், அங்க காத்திட்டிருக்கிற நோட்டிஃபிகேஷன் ப்ரோக்ராம் அதை எடுத்து மூலைல பெட்டியாக் காட்டும். 40 பேர் இருந்தா 40 பஸ். அபார்ட்மென்ட் கேட்ல நின்னு கத்தினா எந்த வீட்டுக்கும் கேக்காது, ஒவ்வொரு வீட்டு காலிங் பெல்லையும் அடிச்சாகணும், அதுதான் இங்கயும். ரூட்டுக்கு எல்லா அதிகாரமும் இருக்கு, ஆனா அவரு நிக்கிற இடத்துல டெஸ்க்டாப்பும் இல்ல, பஸ்ஸும் இல்ல, அதான் எரர்.

அப்போ செய்ய வேண்டியது ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். லாகின்சிடிஎல் லிஸ்ட்-யூசர்ஸ் போட்டா இப்ப உள்ள இருக்கிறவங்களோட யூஐடியும் (யூசர் நம்பர்) பேரும் வரும். ஒவ்வொரு யூஐடிக்கும், ரன் ஃபோல்டர்ல யூசர்ங்கிற ஃபோல்டருக்குள்ள அந்த நம்பர்லயே ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள பஸ்னு ஒரு சாக்கெட் ஃபைல் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தப் பாதைக்கு முன்னால unix:path=னு சேத்து டிபஸ் செஷன் பஸ் அட்ரஸ்ங்கிற வேரியபிள்ல வெச்சு, சூடோவால அந்த யூசராவே மாறி நோட்டிஃபை-சென்டைக் கூப்பிடுங்க. ரூட்டா இல்ல, அந்த யூசராவே, இதை விட்டுடாதீங்க. அர்ஜென்சியை கிரிட்டிக்கல்னு வெச்சிட்டா பொதுவா யூசர் மூடற வரைக்கும் பெட்டி அங்கேயே நிக்கும், சாதாரண மெசேஜ் மாதிரி சில செகண்ட்ல மறைஞ்சு போகாது.

ரெண்டு இடத்துல கால் தடுக்கும். ஒண்ணு, எஸ்எஸ்ஹெச்ல மட்டும் வந்தவங்களுக்கும் அந்த பஸ் ஃபைல் இருக்கும் ஆனா மெசேஜை எடுத்துக் காட்ட அங்க ஆளே இருக்காது, ஸ்கிரிப்ட் அங்கேயே மாட்டிக்கிட்டு நின்னா அடுத்து இருக்கிற 30 பேருக்கும் மெசேஜ் போகாது, அதனால ஒவ்வொரு கூப்பிடலுக்கும் முன்னால டைம்அவுட் கமாண்டை 5 செகண்ட்னு சேத்து பின்னணில ஓட விடுங்க. இன்னொண்ணு உங்களுக்கு முக்கியம், ஏன்னா நீங்க எக்ஸ்ஆர்டிபி. அதோட ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்ல யாராவது டிபஸ்-லான்ச் அல்லது டிபஸ்-ரன்-செஷன்னு ஒரு வரி சேத்து வெச்சிருந்தா அந்த டெஸ்க்டாப் வேற பஸ்ல ஓடிட்டிருக்கும், நீங்க அனுப்பற மெசேஜ் வேற பஸ்ல போய் விழும். சந்தேகமா இருந்தா அந்த யூசரோட எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் ப்ராசஸ் நம்பரைக் கண்டுபிடிச்சு, ப்ராக் ஃபோல்டர்ல அந்த நம்பருக்குள்ள இருக்கிற என்விரான் ஃபைலைப் படிங்க, எந்த பஸ்னு அதுல நேராவே எழுதியிருக்கும். முதல் தடவை நாலஞ்சு பேருக்கு இப்படிப் பாத்துட்டீங்கன்னா அப்புறம் நிம்மதி.

கரன்ட் போனதும் நீங்க ஓட வேண்டாம், சிஸ்டமே சொல்லட்டும். உங்க யுபிஎஸ்ல யுஎஸ்பி வயர் இருந்தா நட்னு சொல்ற நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் போடுங்க. அதுல யுபிஎஸ்மான்னு ஒரு சேவை, பேட்டரிக்கு மாறினதும் சொல்லும், ஆனா வழக்கமா அது சொல்றதும் சிஸ்லாக்ங்கிற பதிவு ஃபைல்லயும் வால்லயும்தான், அதாவது உங்க பசங்களுக்குத் தெரியாத அதே இடத்துல. அதோட செட்டிங்ஸ் ஃபைல்ல நோட்டிஃபைஃபிளாக்ல எக்ஸெக் சேத்து, நோட்டிஃபைசிஎம்டில மேல சொன்ன ஸ்கிரிப்டைக் குடுங்க. யுபிஎஸ்மான் அந்த ஸ்கிரிப்டை ரூட்டா ஓட்டாது, நட்டுக்குன்னு இருக்கிற சாதா யூசராத்தான் ஓட்டும், அதனால யார் எதை ரூட்டா ஓட்டலாம்னு சொல்ற சூடோயர்ஸ் ஃபைல்ல அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் அனுமதி குடுங்க, எல்லாத்துக்கும் குடுத்துடாதீங்க. கரன்ட் ரெண்டு செகண்ட் போயிட்டு வர்றதுக்கெல்லாம் பெட்டி வந்தா ஒரே வாரத்துல பசங்க படிக்காமலே மூடப் பழகிடுவாங்க. யுபிஎஸ்ஸ்கெட்னு கூடவே வர்ற ப்ரோக்ராம்ல அரை நிமிஷம் காத்திருந்து அப்பவும் கரன்ட் வரலன்னா மட்டும் அனுப்பற மாதிரி வெச்சுக்கலாம்.

நிறுத்தறதுக்கு ஷட்டவுன் கமாண்டை ப்ளஸ் 10ன்னு போட்டா 10 நிமிஷம் கழிச்சு நிக்கும், கடைசி 5 நிமிஷத்துல புதுசா யாரும் லாகின் ஆக முடியாதபடி சிஸ்டமே நோலாகின் ஃபைலை வெச்சிடும். கரன்ட் வந்துட்டா ஷட்டவுன் ஹைஃபன் சி, கேன்சல். கேன்சல் ஆச்சுன்னும் ஒரு மெசேஜ் கண்டிப்பா அனுப்புங்க, இல்லன்னா பசங்க பாதி வேலையை விட்டுட்டு எழுந்து போயிருப்பாங்க.

மெசேஜ்ல என்ன எழுதறதுன்னும் யோசிங்க. "சர்வர் மெயின்டனன்ஸ், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னு போட்டா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. "11:40க்கு சர்வர் நிக்கும். இப்பவே சேவ் பண்ணிட்டு லாக் அவுட் பண்ணுங்க. மறுபடி 12:15க்கு வரலாம்"னு எழுதுங்க, மணி முதல்ல வரட்டும். "10 நிமிஷத்துல"ன்னு எழுதினா டீ குடிச்சிட்டு வந்து பாக்கறவங்களுக்கு அது எந்த 10 நிமிஷம்னு தெரியாது. தமிழ்லயே எழுதலாம், சர்வர்ல தமிழ் ஃபான்ட் இருந்தா நோட்டிஃபிகேஷன்ல தமிழ் நல்லாவே வரும்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல விண்டோஸ். முன்ன நெட் சென்ட் போட்டா எல்லாருக்கும் பெட்டி வரும், இப்ப அந்த கமாண்டே இல்லையே?
— வாசகர், ஈரோடு

பதில்: அது போயி ரொம்ப நாளாச்சுங்க. அந்த மெசஞ்சர் சர்வீஸ் வழியா இன்டர்நெட்ல இருந்தெல்லாம் விளம்பரப் பெட்டி வர ஆரம்பிச்சதால 2004ல வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2லயே அதை ஆஃப் பண்ணி வெச்சாங்க, விஸ்டால எடுத்தே விட்டாங்க. இப்ப எம்எஸ்ஜி கமாண்ட் இருக்கு, பக்கத்துல ஒரு ஸ்டாரைப் போட்டு மெசேஜை எழுதினா அந்த மெஷின்ல செஷன் வெச்சிருக்கிற எல்லாருக்கும் போகும், டைம் ஆப்ஷன்ல எத்தனை செகண்ட் நிக்கணும்னும் சொல்லிடலாம். ஹோம் எடிஷன்ல இது கிடையாது, ப்ரோ வேணும். எல்லாரும் ஒரே விண்டோஸ் சர்வர்ல ரிமோட் டெஸ்க்டாப்ல வர்றாங்கன்னா டாஸ்க் மேனேஜர்ல யூசர்ஸ் டேப்ல ரைட் கிளிக் பண்ணியே அனுப்பலாம், கமாண்டே வேண்டாம். தனித்தனி பிசியா இருந்தா வேயான் போட்டுப் பாருங்க, லேப்களுக்குன்னே செஞ்சது, காசு இல்ல, லினக்ஸ்லயும் ஓடும், ஒரே கிளிக்ல எல்லா ஸ்கிரீனுக்கும் மெசேஜ் போகும்.

கேள்வி: அட்மின்ல இருந்து வந்த மாதிரியே ஒரு பெட்டி வந்து, பாஸ்வேர்ட் மாத்தணும் இந்த லிங்க்ல போங்கன்னு சொல்லுச்சு. நிஜமா அட்மின்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?
— ஆபீஸ் ஊழியர், திருச்சி

பதில்: அந்தப் பெட்டியை வெச்சுத் தெரிஞ்சுக்க முடியாதுங்க. உங்க டெஸ்க்டாப்ல ஓடற எந்த ப்ரோக்ராமும் எந்தப் பேர்லயும் எந்தப் படத்தோடயும் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம், அனுப்பினது யாருன்னு யாரும் சரி பாக்கறது கிடையாது. லிங்க்கைத் தொடாதீங்க, ஃபோன் போட்டு அட்மின்கிட்டயே கேளுங்க, பாஸ்வேர்ட் ஏற்கனவே குடுத்திருந்தா இன்னிக்கே மாத்துங்க. அட்மின்களுக்கும் ஒரு வேண்டுகோள், அறிவிப்புப் பெட்டில லிங்க்கே வைக்காதீங்க, பாஸ்வேர்ட் பத்தி எதுவுமே எழுதாதீங்க. நாங்க அப்படிக் கேக்கவே மாட்டோம்னு லாகின் ஸ்கிரீன்லயே எழுதி வைக்கலாம், க்னோம் டெஸ்க்டாப்ல ஜிடிஎம்ங்கிற லாகின் ஸ்கிரீனுக்கு பேனர் மெசேஜ்னு ஒரு செட்டிங்கே இருக்கு, பாஸ்வேர்ட் அடிக்கிற நேரத்துல எல்லார் கண்ணுலயும் படும்.