வேகமாக மாறிய சிங்கப்பூரில் குடும்ப வாழ்க்கை எப்படி ஆகிவிட்டது?

இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சிங்கப்பூரில் குடும்பக் கதையை வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு மேல் வசிப்பது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளில். 1960இல் அந்தக் கழகம் வந்த பிறகு, கம்பத்து (அந்தக் காலக் கிராமத்து) வீடுகளில் பாட்டி, சித்தப்பா, அத்தை என்று சேர்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு புளோக்குக்குப் போனார்கள். சண்டை எதுவும் இல்லை. ஈரறை, மூவறை வீட்டில் எத்தனை பேர் படுப்பது?

கல்யாணமும் வீட்டின் பின்னால்தான் ஓடுகிறது. "பிடிஓ போடலாமா?", அதாவது வீவக இனிமேல் கட்டப்போகும் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, என்று பையன் கேட்டால் கல்யாணப் பேச்சு என்று அர்த்தம். கட்டி முடிக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். என் அக்கா மகளுக்கு ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே குலுக்கலில் வரிசை எண் வந்துவிட்டது. அப்புறம் எந்த ஜோசியர் பொருத்தமில்லை என்பார்?

பிள்ளைகள் விஷயம் ஊரறிந்தது. 1970களில் "இரண்டு போதும்" என்ற அரசு, 1987இல் வசதியிருந்தால் மூன்றும் பெறலாம் என்றது. அது நீண்ட நாள் பலிக்கவில்லை. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை.

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க 1995இல் சட்டமே வந்தது. இன்னொரு பக்கம், பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் மானியம். நாங்களும் அதை வாங்கித்தான் அம்மா வீட்டுக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிறோம்.

ஆனால் அம்மாவை நிஜமாகப் பார்த்துக்கொள்வது நானில்லை, ஜாவாவிலிருந்து வந்த பணிப்பெண். பெண்கள் வேலைக்குப் போவதற்காக 1978லேயே திறந்துவிட்ட வழி இது. சர்க்கரை அளவு பார்ப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். அம்மாவின் ரசப் பக்குவம் எனக்கு வரவில்லை, அவருக்கு வந்துவிட்டது. இரவு ஒன்பதரைக்கு அவர் மகன் வீடியோவில் வீட்டுப்பாடத்தைக் காட்டுவான். அவனை வளர்ப்பது அங்கிருக்கும் பாட்டி. எங்கள் கூட்டுக் குடும்பம் கலைந்ததற்கு அந்தப் பாட்டியும் சேர்ந்து ஈடு கொடுக்கிறார் என்பதை இங்கே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பணிப்பெண்ணின் ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடிகிறது, ஊருக்கே போய்விடப் போகிறாராம். பிறகு அம்மாவுக்கு என்ன ஏற்பாடு என்று நானும் தம்பியும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை.