பிக்கப்புக்கு ஒல்லி டயரா, அகல டயரா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பிக்கப்பில் வந்த டயர் 265/70 ஆர்17. பட்டன் (தரையில் பதியும் ரப்பர்க் கட்டைகள்) தேய்ந்துவிட்டது. அகலம் கூடினால் கிரிப் கூடும், 285/70 ஆர்17 போடு என்கிறார் ஒருவர். 235/80 ஆர்17தான் சரி என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் உயரத்தைக் கணக்குப் போடுங்கள், அகலத்தைப் பிறகு பார்க்கலாம். 265/70 என்றால் அகலம் 265 மி.மீ. சைடுவால், அதாவது பக்கச்சுவரின் உயரம், அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் 371. அதோடு 17 அங்குல ரிம்மின் 431.8-ஐக் கூட்டினால் மொத்த உயரம் 802.8 மி.மீ. இதே கணக்கில் 235/80 டயர் 807.8 மி.மீ. வரும், 285/70 டயர் 830.8 மி.மீ. வரும். ஒல்லி டயர் கிட்டத்தட்ட பழைய உயரத்திலேயே நிற்கிறது. அகல டயரோ 3.5 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. இதுவரை சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இனி 100 காட்டும்போது வண்டி 103.5 கி.மீ. வேகத்தில் ஓடும். லோடோடு மேடு ஏறும்போது இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இத்தனைக்கும் வண்டியின் அடிக்கும் தரைக்கும் நடுவே கூடுவது வெறும் 14 மி.மீ.தான்.

இனி கிரிப்புக்கு வருவோம். தரையில் எவ்வளவு ரப்பர் பதிகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேலே இறங்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ, உள்ளே 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்றால் ஏறக்குறைய 240 சதுர செ.மீ. பதியும். டயர் 235 ஆனாலும் 285 ஆனாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. மாறுவது வடிவம். அகல டயரின் பதிவு குறுக்கே விரிந்து நீளம் குறைந்திருக்கும், ஒல்லி டயரின் பதிவு முன்பின்னாக நீண்டிருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் வேகமாக வளைவு திரும்பக் குறுக்கே விரிந்த பதிவு உதவும். ஆனால் பிக்கப்பை அப்படி ஓட்ட வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? லோடு, நெடுந்தூரம், மழை, கல்பாதை என்று உழைக்கிற வண்டிக்கு 235/80 அருமையான தேர்வு. பெரும்பாலும் காலி வண்டியாக நல்ல சாலையிலேயே ஓடுகிறது என்றால் 265-ஐ மாற்றவே வேண்டாம். 285-க்குப் போக நியாயமான காரணம் மணலும் அடி தெரியாத சேறும் மட்டுமே.

கேள்வி: ஒல்லி டயர் முழு லோடைத் தாங்குமா? வெடித்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: லோடைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. பின்னால் இரட்டைச் சக்கரத்தோடு வரும் கனமான பிக்கப்புகளுக்குக் கம்பெனியே 235/80 ஆர்17 போட்டு அனுப்பியிருக்கிறது. இரண்டு டயரும் ஒன்றோடொன்று உரசாத அளவுக்கு நடுவே இடைவெளி வேண்டுமே!

டயரின் பக்கவாட்டில், அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் லோடு எண்ணைப் படியுங்கள். 120/117 என்றிருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, அடுத்தது இரட்டைச் சக்கரத்துக்கு. 120 என்றால் 1,400 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. லாரி ரகமான எல்டி டயர்களில், ‘இ’ லோடு வரிசையில், 235/80-க்கு 120. அதே வரிசையில் 265/70, 285/70 இரண்டுக்குமே 121. டயருக்கு 50 கிலோதான் வித்தியாசம்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். அந்த 1,400 கிலோ, டயரில் 80 பிஎஸ்ஐ காற்று இருக்கும்போதுதான். கார் ரக டயருக்காகக் கதவோரம் ஒட்டியிருக்கும் 35 பிஎஸ்ஐ-யை எல்டி டயருக்கும் பிடித்துவிட்டு முழு லோடு ஏற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும். உள்ளே இருக்கும் இழையும் ரப்பரும் பிரிந்துவரும். வெடிப்பது கடைசிக் கட்டம். கதவோரத் தகட்டில் பின் ஆக்சிலுக்கு அனுமதித்த எடையைப் பார்த்து இரண்டால் வகுங்கள். டயர் கம்பெனியின் லோடு–காற்று அட்டவணையில் அந்த எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று பார்த்துப் பிடியுங்கள். டயர் ஆறியிருக்கும்போது, அதாவது வண்டியை எடுப்பதற்கு முன்பு, பிடிக்க வேண்டும்.

கேள்வி: மழைச்சாலை, சேறு, மணல் மூன்றிலும் ஓட்டுகிறேன். எதற்கு எது?

பதில்: தண்ணீர் தேங்கிய சாலையில் ஒல்லி டயர் கெட்டிக்காரத்தனமாக ஓடும். டயர் முன்னால் ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் குறைவு. பட்டன் தேய்ந்த டயர், ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில், 35 பிஎஸ்ஐ காற்றோடு ஏறக்குறைய 98 கி.மீ. வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். காற்று 25-க்கு இறங்கியிருந்தால் 83-லேயே மிதக்கும். மிதக்கும்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான். மழையில் ஓடும் வண்டிக்கு தேய்மான எல்லையான 1.6 மி.மீ. வரை காத்திருக்காமல் பட்டன் ஆழம் 3 மி.மீ. ஆனதுமே டயரை மாற்றிவிடுங்கள். அகல டயர் போட்டிருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

சேற்றில் இறங்குவதற்கு முன் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் ‘ணங்’ என்று கெட்டித் தரை தட்டினால் ஒல்லி டயர் ஜெயிக்கும். மேல்சேற்றைக் கத்தி மாதிரி கிழித்து அடித்தரையைப் பிடித்துக்கொள்ளும். சாலையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பனியிலும் இதே கதைதான். கம்பி இறங்கிக்கொண்டே போனால் ஒல்லி டயரும் இறங்கிக்கொண்டே போகும். அங்கே மேலே மிதக்க அகலம் வேண்டும், பட்டன்களுக்கு நடுவே சேறு அடையாமல் உதறிவிடும் அகலமான பள்ளங்களும் வேண்டும்.

மணலிலும் அகலம் உதவும், ஆனால் காற்றைக் குறைப்பது அதைவிட அதிகம் உதவும். 235-லிருந்து 285-க்கு மாறினால் அகலம் 21 சதவீதம் கூடுகிறது. 35 பிஎஸ்ஐ-யை 18-ஆக இறக்கினால் பதிவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அதுவும் நீளவாக்கில். அதனால் காற்று இறக்கிய ஒல்லி டயர், காற்று இறக்காத அகல டயரைத் தாண்டிப் போய்விடும். 15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மில் சட்டென்று திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். முழு லோடு இருந்தால் 18-கூடக் குறைவுதான். பம்ப்பும் கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும். தார்ச்சாலை ஏறும் முன் பழைய அளவுக்குக் காற்று பிடித்தே தீர வேண்டும்.

கேள்வி: பழைய ரிம்மிலேயே மாட்டலாமா?

பதில்: ரிம்மின் உள் அகலத்தைப் பாருங்கள். பொதுவாக 235/80-க்கு 6 முதல் 7.5 அங்குலம், எல்டி265/70-க்கு 7 முதல் 8.5, 285/70-க்கு 7.5 முதல் 9. உங்கள் ரிம் 7.5 என்றால் மூன்றுமே உட்காரும். 8 அங்குல ரிம்மில் 235-ஐ மாட்டாதீர்கள். சைடுவால் வெளியே இழுபட்டு, ரிம் விளிம்பு நேராகக் கல்லில் அடிபடும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பட்டன் புடைத்து அது மட்டும் தேயும்.

கேள்வி: 285 போட்டுவிட்டேன். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் உரசுகிறது. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் தளத்துக்கும் உள்ள தூரம்) குறைந்த ரிம் போட்டால் சரியாகுமா?

பதில்: உட்பக்கம் சேசிஸிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோ உரசினால் சரியாகும். வெளிப்பக்கம் மட்கார்டு லைனரிலோ மட்ஃபிளாப்பிலோ உரசினால் இன்னும் மோசமாகும். 265-லிருந்து 285-க்குப் போகும்போது பக்கத்துக்கு 10 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட்டை 30-லிருந்து 0-க்கு இறக்கினால் சக்கரம் இன்னும் 30 மி.மீ. வெளியே தள்ளிப்போகும். ஹப் பேரிங் மேல் சுமை ஏறும், பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையை உதறும். அதனால் முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன்னும் பின்னும் உருட்டி, பளபளவென்று தேய்ந்த இடத்தைத் தேடுங்கள். பிளாஸ்டிக் லைனர் என்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டலாம். பிரேக் ஹோஸ் பக்கம் ஒரு கீறல் தெரிந்தாலும் அந்த டயரோடு ஓட்டக் கூடாது.

கேள்வி: மைலேஜ் அடிபடுமா?

பதில்: அகல டயரில் அடிபடும். எடை கூடுதல், அந்த எடை சக்கரத்தின் வெளிச்சுற்றில் இருப்பதால் நின்று நின்று கிளம்பும்போது என்ஜினும், நிறுத்தும்போது பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். காற்றின் எதிர்ப்பும் கூடும். உயரம் மாறியிருந்தால் ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். அதைத் திருத்தாமல் மைலேஜ் கணக்குப் போட்டால் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

கேள்வி: பின்னால் மட்டும் அகல டயர் போட்டால் போதாதா?

பதில்: நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் கூடாது. சுற்றளவு மாறுபட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழலப் பார்த்து, இழுவையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கியர்களும் முறுக்கிக்கொள்ளும். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். ஆக, வாங்குவது ஐந்து டயர்.

கேள்வி: அட்டவணைப்படி காற்று பிடித்தேன். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வழக்கமான லோடை ஏற்றி, பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸால் கனமாக ஒரு கோடு போடுங்கள். சமதளச் சாலையில் 100 மீட்டர் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. 2 பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்துக் கோடு சமமாக அழியும்வரை பாருங்கள், ஆனால் அந்த லோடுக்கு அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டயர் மாற்றி 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிவிடுங்கள்.