பெர்கன் ஹில் எங்கே இருக்கிறது?

வணக்கம் சார்,

நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து விற்றார்கள். ஒரு ஷூ பெட்டி நிறையக் கற்கள் வாங்கி வந்தேன். அதில் ஒரு கல்லில் வெள்ளை ஊசிகள் விசிறி மாதிரி விரிந்திருக்கின்றன. பழுப்பேறிய லேபிளில் 'பெக்டோலைட், பெர்கன் ஹில், என்.ஜே.' என்று பழைய கையெழுத்து. 1930களில் வந்த கனிமச் சேகரிப்புப் பத்திரிகைகளை இணையத்தில் தேடிப் படித்தேன். பெர்கன் ஹில் என்றால் எல்லோருக்கும் தெரியும் என்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். கூகுள் மேப்பில் தேடினால் குடியிருப்புப் பகுதி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போதும் அங்கே போய்க் கல் எடுக்க முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஜெர்சி சிட்டி

*

அன்புள்ள நண்பருக்கு,

குரோவ் ஸ்ட்ரீட்டிலிருந்து ஜர்னல் ஸ்கொயருக்கு பாத் (PATH) உள்ளூர் ரயிலில் போனதுண்டா? அப்படியானால் பெர்கன் ஹில்லை நீங்கள் ஏற்கெனவே குறுக்கே கடந்திருக்கிறீர்கள். நடுவில் இருபுறமும் கரும்பாறை எழும்பி நிற்குமே, அதுதான். ஆனால் உங்கள் கல் அங்கிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி.

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் நிற்கும் பாலிசேட்ஸ் பாறைச் சுவரின் தெற்கு வால்தான் பெர்கன் ஹில். சுமார் 20 கோடி வருடங்களுக்கு முன் பூமிக்குள்ளிருந்து மேலேறிய பாறைக் குழம்பு, படிவுப் பாறைகளுக்கு நடுவே புகுந்து உறைந்தது. அப்படி உருவான டயபேஸ் என்ற கரும்பாறையின் விரிசல்களில் பின்னால் சூடான நீர் ஓடியது. அந்த நீர் விட்டுப்போனவைதான் பெக்டோலைட், டேட்டோலைட், அப்போபிலைட், நேட்ரோலைட் போன்ற கனிமங்கள் எல்லாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, பாறையை உடைத்தால்தான் உண்டு.

உடைக்க வந்தவர்கள் ரயில்வே கம்பெனிக்காரர்கள். மேற்கிலிருந்து வரும் ரயில் எதுவானாலும் நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள படகுத்துறையை அடைய இந்த மேட்டைத் தாண்டியாக வேண்டும். 1830களில் நியூ ஜெர்சி ரெயில்ரோடு திறந்தவெளியாக ஒரு வெட்டுப்பாதை போட்டது. பாத் ரயில் போவது அதில்தான். 1850களின் நடுவில் ஈரி ரயில்வேக்காகச் சுரங்கப்பாதை தோண்ட ஆரம்பித்தார்கள். 1859-ல் கூலி வராத தொழிலாளிகள் தண்டவாளத்தை மறித்து உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து பாதை திறந்தது 1861-ல். 1870களில் லாக்கவானா ரயில்வே கம்பெனி தனக்கென ஒன்று தோண்டியது. வடக்கே வீஹாக்கனில் வெஸ்ட் ஷோர் சுரங்கம் 1883-ல் முடிந்தது. 1904-லிருந்து 1910-க்குள் பென்சில்வேனியா ரெயில்ரோடின் இரட்டைச் சுரங்கம், லாக்கவானாவின் இரண்டாவது சுரங்கம், இன்று பெர்கன் ஆர்ச்சஸ் என்று அழைக்கப்படும் ஈரியின் ஆழமான வெட்டுப்பாதை என்று மேட்டையே குடைந்து தள்ளிவிட்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் படிகம் கிடைத்திருக்கிறது. சேகரித்தவர்களோ பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் எழுதிவைத்தார்கள்: பெர்கன் ஹில். சென்னை மெட்ரோ தோண்டும்போது வெளியே வந்த கல் ஒவ்வொன்றுக்கும் வெறுமனே 'சென்னை' என்று சீட்டு ஒட்டியதுபோல. அதனால் எங்கே என்று தேடுவதைவிட எப்போது என்று தேடுங்கள். வருடம் தெரிந்துவிட்டால் அப்போது எந்தச் சுரங்கத்தில் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது ரயில்வே வரலாற்றில் இருக்கிறது, இடம் தானாகக் கிடைத்துவிடும். கல் மட்டும் போதாது. ஒரே பாறையில் ஒரே மாதிரி விரிசல்கள், கனிமங்களும் கிட்டத்தட்ட அவையேதான்.

வருடத்தைப் பிடிக்கப் பழைய பத்திரிகைகளில் கட்டுரைகளை மட்டும் படித்தால் போதாது. கட்டுரை எழுதியவர்கள் முன்னால் எழுதியவரைப் பார்த்து எழுதும் பழக்கம் உள்ளவர்கள். 1825-ல் சாமுவேல் ராபின்சன் அமெரிக்கக் கனிமங்கள் கிடைக்கும் இடங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதுபோன்ற பட்டியல்களில் ஒருமுறை ஏறிய இடம் பிறகு புத்தகம் புத்தகமாகப் பயணம் செய்யும், குழி மூடப்பட்ட பிறகும். எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கங்களில் வரும் பரிமாற்ற விளம்பரங்கள்தான். 'என்னிடம் இது இருக்கிறது, பதிலுக்கு அது வேண்டும்' என்று இரண்டு வரி. ஒரு கனிமம் திடீரென்று பலருடைய விளம்பரத்தில் ஒரே சமயத்தில் தலைகாட்டினால் எங்கோ புதிதாகப் பாறை உடைகிறது என்று ஊகிக்கலாம். 1894 முதல் 1909 வரை வந்த 'மினரல் கலெக்டர்' பத்திரிகை இதற்கு நல்ல இடம். மேலே சொன்னவற்றில் பிற்காலச் சுரங்கங்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.

நீங்கள் படித்தவை அநேகமாக 1926-ல் பீட்டர் ஜோடாக் ஆரம்பித்த 'ராக்ஸ் அண்ட் மினரல்ஸ்' காலத்துப் பத்திரிகைகள். அதற்குள் பெரிய வேலைகள் எல்லாம் முடிந்திருந்தன. பெர்கன் ஹில் அவர்களுக்கே பழங்கதை, அதனால்தான் வழி சொல்லவில்லை. ஜேம்ஸ் மான்செஸ்டர் 1931-ல் நியூயார்க் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் பற்றி எழுதிய கனிமப் புத்தகத்தையும் பாருங்கள்.

லேபிளும் சில சமயம் பொய் சொல்லும். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு கார்னெட் படிகம் இருக்கிறது. பெயர் 'சப்வே கார்னெட்'. அது கிடைத்தது 1885-ல், மன்ஹாட்டன் 35-ஆவது தெருவில், சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது. நியூயார்க் சப்வே ஓட ஆரம்பித்தது 1904-ல்! சாக்கடை கார்னெட் என்றால் யார் ரசிப்பார்கள், சொல்லுங்கள்.

எல்லா இடமும் இப்படிக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பக்கத்து ஊர் ஹொபோக்கனில் காசில் பாயின்ட் என்று ஒரு குன்று. புரூசைட் என்ற கனிமம் முதன்முதலில் விவரிக்கப்பட்டது அங்கிருந்துதான், 1814-ல். விவரித்தவர் ஆர்ச்சிபால்ட் புரூஸ், பின்னாளில் அவர் பெயரையே கனிமத்துக்கு வைத்தார்கள். குன்றின் மேல் இப்போது ஸ்டீவன்ஸ் கல்லூரி இருக்கிறது, இடத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. பம்பாயிலிருந்து பூனாவுக்குப் போகும் போர் காட் மலைப்பாதையை 1856 முதல் 1863 வரை தோண்டினார்கள். எரிமலைப் பாறைக்குள்ளிருந்து, நேட்ரோலைட் வகையைச் சேர்ந்த ஜியோலைட் என்ற கனிமங்கள் அருமையாக வந்தன. பழைய ஐரோப்பியச் சேகரிப்புகளில் 'பூனா' என்ற சீட்டோடு இருக்கும் கல்லைப் பார்த்தால் அது பூனாவில் கிடைத்ததா, வழியில் மலையில் கிடைத்ததா என்று நானும் ஒரு நிமிடம் நின்றுதான் யோசிப்பேன்.

சரி, இரண்டாவது கேள்வி. முடியாது, போகவும் வேண்டாம். ஈரியின் பழைய சுரங்கத்தில் சரக்கு ரயில், லாக்கவானா சுரங்கங்களில் ஹொபோக்கன் ரயில்கள், பென்சில்வேனியா சுரங்கத்தில் ஆம்ட்ராக் என்ற நெடுந்தூர ரயில்கள். பெர்கன் ஆர்ச்சஸில் 1950களோடு ரயில் நின்றுபோய்க் காடு மண்டிக் கிடந்தாலும், அனுமதியில்லாமல் நுழைவது அத்துமீறல்தான். வெஸ்ட் ஷோர் சுரங்கம் மட்டும் உங்களுக்குச் சுலபம். ஹட்சன்-பெர்கன் லைட் ரெயில் அதன் வழியாகத்தான் போகிறது. பெர்கன்லைன் அவென்யூ நிலையம் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே, தெருமட்டத்துக்கு 160 அடி கீழே இருக்கிறது. டிக்கெட் எடுத்து இறங்கிப் பாருங்கள், சுத்தியல் வேண்டாம். கற்களைப் பார்க்க ஆசையிருந்தால் பேட்டர்சன் அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். அந்தப் பக்கத்துக் குவாரிகளில் கிடைத்த கனிமங்களை அங்கே வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன் லேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். வியாபாரியின் பெயரும் தெரு முகவரியும் அச்சாகியிருந்தால் அதிர்ஷ்டம். ஃபிலடெல்பியாவின் ஃபுட், நியூயார்க்கின் இங்கிலிஷ் போன்ற பழைய வியாபாரிகள் அடிக்கடி கடை மாற்றியவர்கள், முகவரியை வைத்தே எந்த வருடத்துச் சீட்டு என்று ஓரளவு சொல்லிவிடலாம். 'மினரலாஜிக்கல் ரெக்கார்ட்' தளத்தில் பழைய லேபிள்களின் தொகுப்பு இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றும் அச்சாகவில்லை என்றால் பெட்டியில் உள்ள மற்றக் கற்களின் சீட்டுகளிலும் அதே கையெழுத்து இருக்கிறதா, எதிலாவது தேதி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். தயவுசெய்து சீட்டைக் கல்லிலிருந்து பிய்க்க வேண்டாம்.