மோட்டார் பைக்கை விற்ற பையன்

அண்ணா,

போன வாரம் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் பாட்டி நான் எதையாவது சாமர்த்தியமாகச் சாதித்துவிட்டால் "சரியான எம்டன்டா நீ" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கட்டுரையில் இந்திர லால் ராய் என்று ஒரு பெயரையும் சொல்லி, பத்தொன்பது வயதில் செத்துப்போன அந்தப் பையனை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரன் விமானத்தை ஓட்டி, வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டு, வெள்ளைக்காரன் பதக்கத்தை வாங்கிக்கொண்டவர். இவருக்காக நாம் எதற்கு வருத்தப்பட வேண்டும்?

இன்னொன்று, இது சொந்தக் கதை. ராணுவ ஆளெடுப்பில் ஓட்டம் எல்லாம் தாண்டி, கண் பரிசோதனையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சலும் இந்தக் கடிதத்தில் இருக்கும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தி., வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. அந்த எரிச்சலோடு நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படித்திருந்தால் இந்த ஆளை உங்களுக்குப் பிடித்துப் போயிருக்கும், ஏனென்றால் இவர் கதையும் கண் பரிசோதனையில்தான் தொடங்குகிறது.

1898 டிசம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா பாரிஸ்டர். சின்ன வயதிலேயே குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது, படிப்பெல்லாம் அங்கேதான், வீட்டில் கூப்பிடுகிற பெயர்கூட 'லாடி'. பதினெட்டு வயதில் ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டிஷ் ராணுவ விமானப் பிரிவில் சேரப் போனால், கண் பார்வை சரியில்லை, போய் வா என்றுவிட்டார்கள். பையன் என்ன செய்தான் தெரியுமா? தன்னுடைய மோட்டார் பைக்கை விற்றான். அந்தக் காசைக் கொண்டுபோய் லண்டனில் ஒரு பெரிய கண் டாக்டரிடம் கொடுத்து மறுபடி கண்ணைக் காட்டினான். அவர் பார்வை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல, முதலில் சொன்ன தீர்ப்பு ரத்தானது. 1917 ஜூலை 5ஆம் தேதி செகண்ட் லெஃப்டினன்ட்.

பதினெட்டு வயதுப் பையனுக்கு பைக் என்றால் என்ன என்று வியாசர்பாடிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோறு போடாமல் இருந்துவிடலாம், வண்டியில் கை வைக்க முடியாது.

எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவிலும் ஒருவன் இருந்தான், என் செட்டு. ராணுவத்துக்குப் போயே தீருவேன் என்று நின்றவன். இடது கண் கொஞ்சம் மங்கல், அது அவனுக்கே தெரியும். அதனால் கண்ணாடிக்கடைச் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ் வரை உருப்போட்டான். ஈ, எஃப் பி, டி ஓ இசட், எல் பி ஈ டி என்று நடுராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பரிசோதனை அன்றைக்கு அங்கே தொங்கியது வேறு பலகை. முதல் எழுத்தே ஈ இல்லை, இவன் கணீரென்று "ஈ" என்று ஆரம்பித்திருக்கிறான். வெளியே வந்து எங்களிடம் சொல்லிவிட்டுச் சிரித்தான், அப்புறம் ரொம்ப நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது மூலக்கொத்தளம் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். இந்திர லால் ராய் பைக்கை விற்ற கதையை அவனிடம் சொன்னபோது, என்ன வண்டி என்றுதான் முதலில் கேட்டான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். பதக்கத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் செத்து இரண்டு மாதம் கழித்து, 1918 செப்டம்பரில்தான் அந்த டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்) பதக்கம் அறிவிக்கப்பட்டது. தனக்குப் பதக்கம் உண்டு என்பதே தெரியாமல் போனவர்.

அடுத்தது, 'வெள்ளைக்காரனுக்காக'. இதை நான் மழுப்பப் போவதில்லை. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து போய் 70,000 பேருக்கு மேல் செத்தார்கள். அது நம் சண்டையே இல்லை, சண்டை முடிந்ததும் கிடைத்தது ஜாலியன்வாலா பாக். அந்தக் கோபம் உங்களுக்கு இருப்பது நியாயம். ஆனால் அந்தக் காலத்தில் ராணுவத்தில் ஒரு இந்தியன் எது வரை போக முடியும் என்று பாருங்கள். சுபேதார், சுபேதார் மேஜர், அதோடு சரி. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார், நேற்று கப்பலிலிருந்து இறங்கிய மீசை முளைக்காத இங்கிலீஷ் லெஃப்டினன்ட்டுக்கு சல்யூட் வைக்க வேண்டும். சண்டை போடும் படைகளில் அரசர் பெயரால் தரும் முழு அதிகாரிப் பதவி இந்தியர்களுக்கு 1917 வரை கிடையாது. அந்த வருஷம்தான் கதவு லேசாகத் திறந்தது. விமானப்படைப் பக்கம் அதில் நுழைந்த இந்தியர்கள் நாலே பேர்: ஹர்தித் சிங் மாலிக், எரோல் சந்தர் சென், பம்பாய்க்கார வெலிங்கர், அப்புறம் இந்த ராய். இவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை, சென் ஜெர்மானியர்களிடம் கைதியாகச் சிக்கினார்.

வீடும் நீங்கள் நினைப்பது மாதிரி கைகட்டி நின்ற வீடு இல்லை. அம்மா லலிதா ராய், 1911இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டனில் நடந்த பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். அண்ணன் பரேஷ் லால் ராயும் அதே போரில் சண்டை போட்டவர், உயிரோடு திரும்பி வந்து இங்கே குத்துச்சண்டையை வளர்த்தார். இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். ரோஷமான குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கே இந்தப் பெயர் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

1917 டிசம்பர் 6ஆம் தேதி இந்திர லாலின் விமானம் விழுந்து நொறுங்கியது. செத்துவிட்டான் என்று பிணவறையில் போட்டுவிட்டார்கள், நினைவு வந்து உள்ளேயிருந்து கதவைத் தட்டினான் என்று ஒரு கதை சொல்வார்கள். இதை முழுசாக நம்பவும் முடியவில்லை, விட்டுவிடவும் மனசு வரவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது என்னவென்றால், படுக்கையில் கிடந்த மாதங்களில் அந்தப் பையன் விமானங்களை வரைந்துகொண்டே இருந்தான், அதில் நிறைய படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. தன்னைக் கீழே போட்ட சாமானையே உட்கார்ந்து உட்கார்ந்து வரைகிறவனிடம் போய், நீ யாருக்காகப் பறக்கிறாய் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? கேள்வி காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

உடம்பு தகுதியில்லை என்று மறுபடி ஒரு டாக்டர் எழுதினார். மறுபடி விடாமல் அலைந்து திரும்பப் போனான். 1918 ஜூன், 40ஆம் ஸ்குவாட்ரன், எஸ்.இ.5ஏ என்ற சண்டை விமானம். அங்கே அவனுக்குத் தலைவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்கிற அயர்லாந்துக்காரர். (அவர் ஊரும் அப்போது இங்கிலாந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தது, கவனியுங்கள்.) ஜூலை 6 முதல் 19 வரை, பதின்மூன்று நாளில் எதிரி விமானங்களை வீழ்த்திய பத்து வெற்றிகள். அதில் 8ஆம் தேதி நாலு மணி நேரத்துக்குள் மூன்று. 22ஆம் தேதி பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபொக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவன் விமானம் தீப்பற்றி விழுந்தது. ஒன்பது நாள் கழித்து மெக்கெல்ராயும் போய்ச் சேர்ந்தார். போர் நவம்பரில் முடிந்துவிட்டது. மொத்தம் அவன் ஆகாயத்தில் இருந்தது சுமார் 170 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஏழு நாள் சொச்சம்.

எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா. உங்கள் பாட்டி சொன்ன அந்த வார்த்தையிலேயே என் பதில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்தக் கப்பல் நம் ஊர் மேல் நூறுக்கு மேல் குண்டு வீசியது. துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எங்கள் கொள்ளுப்பாட்டி ராயபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு பொன்னேரிக்கு மாட்டுவண்டியில் ஓடினார், அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் அவர் கடைசி வரை சொன்ன குறை. குண்டு விழுந்த இடத்துக்குக் கல்வெட்டு இன்றும் உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது, பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் எட்டிப் போய்ப் பாருங்கள். அப்படி வந்து சுட்டுவிட்டு, இருட்டில் விளக்கை அணைத்துக்கொண்டு தப்பித்துப் போன ஜெர்மன் கப்பலின் பெயரை நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? திட்டுவதற்கு வைத்துக்கொள்ளாமல், கில்லாடிப் பிள்ளையைக் கொஞ்சுவதற்கு வைத்துக்கொண்டார்கள். தலைமேல் குண்டு போட்டவன் சாமர்த்தியத்தையே மெச்சிய ஊர் நம்முடையது. எந்தக் கொடி என்று கேட்காமல் அவனை மெச்சியவர்கள், கல்கத்தாப் பையன் ஒருவனிடம் மட்டும் கொடி எது என்று கேட்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தியாகி என்றெல்லாம் நான் அவனைச் சொல்ல மாட்டேன், அந்தப் போரில் அந்த வார்த்தைக்கு வேலையில்லை. நல்ல எம்டன், அவ்வளவுதான். இன்னும் ஒரு ஐம்பது வருஷமாவது இருந்திருக்க வேண்டிய எம்டன். அவன் சொந்தக்காரர் சுப்ரதோ முகர்ஜி பின்னால் நம் விமானப்படைக்கே தலைவரானார்.

இப்போது உங்கள் கண். அந்த ஆளெடுப்பில் உங்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. பவர் பிரச்சினையா, நிறம் பிரிக்கிற பிரச்சினையா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது. எதுவாக இருந்தாலும் நேராக எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1819இல் தொடங்கியது, ராய்க்குக் கண் பார்த்த டாக்டர் பிறப்பதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியில் கண் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்துவிடும். பைக்கை விற்க வேண்டியதில்லை, ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.